கோப்பு முறைமைகளுக்கு வாரிசு யார்?

டெபியன் என்னும் இயங்குதளத்தை உருவாக்கிப் பராமரிப்பவர்களின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப், 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில், துறைமுகத்தின் வெலிங்டன் தீவுக்குக் கிழக்கே நகரின் மறுகோடியிலுள்ள காக்கநாடு இன்ஃபோபார்க் வளாகத்தில் நடைபெற்றபோது, 35 நாடுகளிலிருந்து 474 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டனர். இந்தியாவில் அம்மாநாடு நடந்தது அதுவே முதல் முறை. கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் நடுவே நின்று, நினைவகம், வட்டு, திரை, வலையிணைப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. அப்படியொன்றை, முதலாளியும் சம்பளப் பட்டியலும் இல்லாத ஒரு கூட்டம் முப்பது ஆண்டுகளாக நடத்திவருவதை வியந்து பேசுவதே வழக்கமாகிவிட்டது. வியப்பு ஆராய்ச்சிக்கு உதவாது. அந்த உழைப்பு எதனால் நிற்கிறது, எந்த இடத்தில் இற்றுப்போகிறது என்ற கேள்வியை, அதை நம்பிப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்திவரும் கேரளமும் தமிழ்நாடும் கேட்டாக வேண்டிய நிலை வந்திருக்கிறது.

டெபியனை 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தவர், அப்போது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் மர்டாக். பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கருப்பகுதி, தனித்து நின்றால் யாருக்கும் பயன்படாது. அதனுடன் ஆயிரக்கணக்கான கருவிகளையும் செயலிகளையும் சேர்த்து, ஒன்றோடொன்று மோதாதபடி கோத்து, நிறுவத்தக்க வடிவில் தருவதற்கு ஒரு தனி அமைப்பு வேண்டியிருந்தது. டெபியன் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1997இல் தன் பயனர்களுக்கான சமூக ஒப்பந்தம் ஒன்றையும் அடுத்த ஆண்டில் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தையும் ஏற்ற அத்திட்டம், ஆண்டுதோறும் தன் தலைவரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. அந்த வாக்கெடுப்பில் உறுப்பினர் ஒவ்வொருவரும் வேட்பாளர்களைத் தம் விருப்ப வரிசையில் எழுதுகின்றனர். ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்ட அதன் உறுப்பினர் கூட்டம், கொச்சி மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு வெளியிட்ட 12ஆம் பதிப்பில் 64,419 பொதிகள் இருந்தன. பொதி என்பது ஒரு மென்பொருளும் அதை நிறுவுவதற்கான குறிப்புகளும் சேர்ந்த கட்டு. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளரோ பராமரிப்புக் குழுவோ பொறுப்பு.

இந்தியாவின் அரசு இயங்குதளங்கள் பெரும்பாலும் இந்த ஆலமரத்தின் விழுதுகளே. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தினுடைய சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் அது விண்டோஸுடன் சேர்த்து நிறுவப்பட்டு மாணவர் கைக்குப் போனது. கேரளத்தின் பள்ளிகளில் ஓடும் கைட் குனு/லினக்ஸ், உபுண்டுவிலிருந்து பிறந்தது; உபுண்டுவோ டெபியனிலிருந்து பிறந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கணினிகளுக்கென உருவாக்கப்பட்டதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியான மாயா இயங்குதளத்துக்கும் உபுண்டுவே அடித்தளம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019இல் கேரள அரசின் கைட் நிறுவனம் சொன்ன கணக்கு, கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்துப் போடப்பட்டது. எந்த அரசும் அவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்காது என்பதால் அந்தத் தொகையைச் சற்று ஐயத்துடன்தான் ஏற்க வேண்டும். ஆயினும் அதில் பத்தில் ஒரு பங்கே உண்மை என்றாலும் 300 கோடி ரூபாய். அந்த மிச்சத்தைச் சாத்தியமாக்கியவர்களுக்கு என்ன திரும்பிப் போயிற்று என்பதற்கு அப்படியொரு கணக்கு பொதுவெளியில் பேசப்பட்டதில்லை.

தன்னார்வம் என்ற ஒரே பெயரின் கீழ் இங்கு இரு வேறு உழைப்புகள் கலந்து கிடக்கின்றன. லினக்ஸ் கெர்னலில் சேரும் மாற்றங்களில் பெரும்பங்கு இன்று ஊதியம் பெறும் பொறியாளர்கள் எழுதுவது. இன்டெல், ரெட்ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்கள் தம் சொந்தத் தேவைக்காக அவர்களுக்குச் சம்பளம் தருகின்றன. அதைப் பொதியாக்கி, சோதித்து, மொழிபெயர்த்து, வழுக்களை வரிசைப்படுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்துச் சாதாரணப் பயனருக்குக் கொண்டுசேர்க்கும் டெபியன் போன்ற திட்டங்களில்தான் மாலை நேரத்து உழைப்பும் விடுமுறை நாள் உழைப்பும் மிகுதி. இரண்டுக்கும் இடையிலான கோடு அவ்வளவு தெளிவானதும் அல்ல. எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையின் முதன்மைப் பராமரிப்பாளராக நெடுங்காலம் இருந்துவரும் தியடோர் ட்சோ, ஐ.பி.எம்., கூகுள் ஆகிய நிறுவனங்களில் ஊதியம் பெற்றவர். அதே வேளையில், அக்கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கருவிகளின் பொதியை டெபியனுக்காகப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர். அந்த எக்ஸ்ட்4இல் பெங்களூரின் பங்கும் உண்டு: ஒரு கோப்புக்குத் தேவைப்படும் இடத்தை வட்டில் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் வசதியை 2007இல் கெர்னலுக்குள் கொண்டுவந்தவர்கள் அந்நகரில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காகப் பணியாற்றிய பொறியாளர்கள்.

கோப்பு முறைமையை முன்னிறுத்தி இவ்வுழைப்பை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. வட்டு என்பது எண்ணிடப்பட்ட வெறும் கட்டங்களின் பெருவெளி. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, அளவு என்ன, யார் அதைத் திறக்கலாம், எந்தக் கட்டங்கள் காலியாக உள்ளன என்ற கணக்கையெல்லாம் வைத்திருக்கும் மென்பொருளே கோப்பு முறைமை. படம் காட்டும் செயலியில் வழு இருந்தால் செயலி நின்றுபோகும், மீண்டும் திறந்தால் ஓடும். கோப்பு முறைமையில் வழு இருந்தால் ஒரு மாணவரின் செய்முறைப் பதிவேடோ ஓர் அலுவலகத்தின் ஓய்வூதியப் பட்டியலோ சத்தமில்லாமல் சிதைந்திருக்கும். சிதைந்தது தெரியவரும்போது காப்புநகலிலும் அதே சிதைவு ஏறியிருக்கக்கூடும். மின்சாரம் திடீரெனப் போகும்போது பாதி எழுதிய கணக்கு குழம்பாதிருக்க, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனிக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைத்து, பிறகே உரிய இடத்தில் எழுதும் முறை இன்றைய கோப்பு முறைமைகள் பலவற்றில் உண்டு. மின்வெட்டு பழகிப்போன நம் ஊர்ப் பள்ளிக் கணினிகள் தாக்குப்பிடித்ததில் அந்தக் குறிப்பேட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே இந்தத் துறையில் புதுமையைக் காட்டிலும் பொறுமைக்கு மதிப்பு அதிகம். புதிய கோப்பு முறைமை ஒன்று நம்பத்தக்கதாக முதிர்வதற்குப் பத்தாண்டுகள் ஆகலாம் என்பது அத்துறையினர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு.

கொச்சி மாநாடு முடிந்து மூன்று மாதங்களுக்குள் அந்தப் பொறுமைக்கு ஒரு சோதனை வந்தது. 2023 டிசம்பர் 9 அன்று டெபியனின் 12.3 பதிப்பு வெளிவருவதாக இருந்தது. அதில் சேர்க்கப்பட்டிருந்த 6.1.64 எண்ணுடைய கெர்னலில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் உள்ள தரவைச் சிதைக்கக்கூடிய வழு இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்தது. தரவுத்தளம் போன்ற சில மென்பொருள்கள், இயங்குதளத்தின் இடைநினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக வட்டில் எழுதும் வழியைப் பயன்படுத்துகின்றன. அவ்வழியிலிருந்த வேறொரு பிழையைத் திருத்துவதற்காகப் புதிய கெர்னலில் எழுதப்பட்ட திருத்தம், பழைய 6.1 வரிசைக்கும் எடுத்துவரப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் சார்ந்திருந்த முந்தைய மாற்றம் ஒன்று, 6.5இல் நுழைந்தது, 6.1இல் இருக்கவில்லை. விளைவாக ஒரு முறை எழுதி முடித்ததும் அடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற குறி பிசகியது. அடுத்த எழுத்து தவறான இடத்தில் விழ வாய்ப்பு ஏற்பட்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டு மாற்றங்களும் சரியானவை. ஒன்று வந்து மற்றொன்று வராததுதான் கேடு.

டெபியன் குழு அன்றே நிறுவல் கோப்புகளின் வெளியீட்டை நிறுத்தியது, யாரும் கணினிகளை மேம்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது, 12.3 என்ற எண்ணையே கைவிட்டு, திருத்திய கெர்னலுடன் 12.4 பதிப்பை மறுநாள், டிசம்பர் 10 அன்று, வெளியிட்டது. அது சனி, ஞாயிறு. வார இறுதியில் தவறைப் பெயர் சொல்லி அறிவித்து, வழு எண்ணைப் பொதுவில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் மாற்று தருவதைப் பெருவணிக நிறுவனங்களிடம்கூட எளிதில் எதிர்பார்க்க முடியாது. அதே நிகழ்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: புதிய பதிப்புக்கான திருத்தங்களைப் பழைய பதிப்புகளுக்கு எடுத்துவரும் வேலை வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் நடக்கிறது, ஒவ்வொன்றும் எதைச் சார்ந்திருக்கிறது என்று சரிபார்க்கும் கண்கள் மிகக் குறைவு. மென்பொருளை எழுதுவதற்கு ஆள் கிடைக்கிறது, பழையதைக் காப்பதற்குக் கிடைப்பதில்லை.

கோப்பு முறைமைகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. லினக்ஸின் முதல் கோப்பு முறைமை, மினிக்ஸ் என்ற பாடநூல் இயங்குதளத்திலிருந்து எடுத்தது. 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டையும் 14 எழுத்துக்கு மேற்பட்ட கோப்புப் பெயரையும் அது ஏற்காது. அதற்கு மாற்றாகப் பிரான்ஸின் ரெமி கார் 1992இல் எக்ஸ்ட் முறைமையையும், அடுத்த ஆண்டே எக்ஸ்ட்2 முறைமையையும் தந்தார். ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ட்வீடி அதில் முன்கூறிய குறிப்பேட்டைச் சேர்த்து உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001இல் கெர்னலில் இடம்பெற்றது; ட்சோவும் பிறரும் வளர்த்த எக்ஸ்ட்4, 2008 இறுதியில் நிலைபெற்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆள் மாறினார், நிறுவனம் மாறியது, நாடு மாறியது. ஆனால் எக்ஸ்ட்2 வட்டில் இருந்த கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்காமலே அதே வட்டை எக்ஸ்ட்3 ஆக மாற்றிக்கொள்ள முடிந்தது; எக்ஸ்ட்3 வட்டை இன்றைய எக்ஸ்ட்4 நிரலே படித்துக்கொள்கிறது. இது வெறும் தொழில்நுட்பச் சிறப்பு அன்று. முன்னவர் எழுதியதைப் பின்னவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதினார், பின்னவர் அதைத் தூக்கி எறியாமல் தொடர்ந்தார் என்பதற்கான சான்று.

இதற்கு நேரெதிரான கதை ரைசர்எஃப்எஸ். ஹான்ஸ் ரைசர் உருவாக்கிய அம்முறைமை, குறிப்பேட்டு வசதியுடன் கெர்னலின் முதன்மைப் பதிப்பில் 2001இல் முதன்முதலில் நுழைந்தது; சிறு கோப்புகளைக் கையாள்வதில் அன்றைய எக்ஸ்ட் வரிசையை விஞ்சியது; லினக்ஸ் பதிப்பு ஒன்றை வெளியிடும் சூசே நிறுவனம் அதையே தன் இயல்புத் தேர்வாக வைத்திருந்தது. ரைசர் தம் மனைவியைக் கொன்ற வழக்கில் 2006 அக்டோபரில் கைதாகி 2008இல் தண்டிக்கப்பட்டதால் அம்முறைமை அழிந்தது என்று சொல்வது சுவையான கதை. உண்மை அதைவிடச் சாதாரணமானது. கைதுக்குச் சில வாரங்கள் முன்பே சூசேயின் பொறியாளர்கள் எக்ஸ்ட்3க்கு மாறிவிட முன்மொழிந்திருந்தனர்; அந்த நிரலைப் பேணும் கைகள் மிகக் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரோ சிலர் ஒட்டுப்போட்டுக் காத்த அந்த நிரல், 2025 ஜனவரியில் வெளியான 6.13 கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

பாடம் பழையது என்றாலும் அதே கதை மறுபடி நடந்தது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் பல ஆண்டுகள் பெரும்பாலும் தனியொருவராக நின்று வளர்த்த பீகேஷ்எஃப்எஸ், 2024 ஜனவரியில் வெளியான 6.7 கெர்னலில் சேர்க்கப்பட்டது. தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைப்பது, பழைய நிலையை அப்படியே உறைய வைத்துக் காப்பது போன்ற வசதிகளால் அது பலரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. ஆயினும் புதிய வசதிகளுக்கான காலக்கெடு முடிந்த பிறகும் பெரிய மாற்றங்களை அனுப்புவது பற்றி அவருக்கும் டோர்வால்ட்ஸுக்கும் எழுந்த பூசல் முற்றியது, 2025இல் 6.17 கெர்னலில் அது வெளியிலிருந்து பராமரிக்கப்படுவதாகக் குறிக்கப்பட்டு, 6.18இல் நீக்கப்பட்டது. தம் பயனரின் தரவைக் காப்பாற்றவே விரைந்ததாக ஓவர்ஸ்ட்ரீட் தரப்பு சொன்னது. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. ஆனால் ஒருவர் அவசரப்படும்போதெல்லாம் விதி வளைந்தால் மற்ற பராமரிப்பாளர் அனைவரும் தம் நேரத்தை அவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டியிருக்கும். டெபியனில் இதன் எதிரொலி முன்பே கேட்டது: பீகேஷ்எஃப்எஸ் கருவிகளின் பொதியைப் பார்த்துவந்தவர், அது சார்ந்திருக்கும் ரஸ்ட் மொழி நூலகங்களை டெபியனின் விதிகளோடு பொருத்த முடியாமல், 2024 ஆகஸ்டில் பொறுப்பை விட்டார். அவ்வாறு விடப்பட்ட பொதியை அநாதைப் பொதி என்று அத்திட்டம் பட்டியலிடுகிறது. விட்டுவிடுவதற்கும் முறைப்படி ஓர் இடம் வைத்திருப்பது அந்த அமைப்பின் நேர்மை.

எழுதுவதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கொச்சியே உவமை தருகிறது. மட்டாஞ்சேரிக்கு எதிரே காயலில் கிடக்கும் வெலிங்டன் தீவு பெரும்பகுதி இயற்கையானதன்று. 1920இல் வந்துசேர்ந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, கழிமுகத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல்வழி ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி உயர்த்தப்பட்டது. துறைமுகத்தை உருவாக்கியவராகப் பிரிஸ்டோவின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் ஓயாது படிவதால் அந்தக் கப்பல்வழியை ஆண்டு தவறாமல் தூர்வார வேண்டியிருக்கிறது. சில பருவங்கள் தூர்வாரல் நின்றால் பெரிய கப்பல் எதுவும் உள்ளே வராது. தூர்வாருபவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, ஆயினும் துறைமுக நிர்வாகம் அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. மென்பொருளில் அந்தச் செலவினத் தலைப்பு பெரும்பாலும் இல்லை.

வாரிசைத் தேடுவது மட்டும் போதாது, சரியான வாரிசைத் தேட வேண்டும் என்பதை 2024 மார்ச் இறுதியில் அம்பலமான எக்ஸ்இசட் விவகாரம் உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு கருவியை ஒற்றை ஆளாகப் பேணிவந்த, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பிலும் பங்கு பெற்று, இறுதியில் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிசெய்யும் நிரலைச் செருகினார். கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதைக் கவனித்த ஆந்த்ரேஸ் ஃப்ராய்ந்த் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்; அப்போது அது டெபியனின் சோதனை நிலைப் பதிப்புகள்வரை வந்துவிட்டிருந்தது, நிலைப்பதிப்பை எட்டவில்லை. உறுப்பினர் ஆவதற்கு டெபியன் விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று இங்கு கவனத்துக்குரியது: விண்ணப்பிப்பவரின் மின்னணுச் சாவியை, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர், அடையாளத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும், பெரும்பாலும் அது நேரில் கண்டு செய்யப்படுகிறது. கொச்சியில் நூற்றுக்கணக்கானோர் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கியதை உல்லாசப் பயணமாகக் கருதுபவர்கள் இதை மறந்துவிடுகின்றனர். அச்சந்திப்புகள் நம்பிக்கையின் உள்கட்டமைப்பு. அவை மென்பொருளை எழுதும் மூலத்திட்டங்களில் நுழையும் வஞ்சகரைத் தடுத்துவிடாது என்றாலும், பொதியாக்கும் அடுக்கில் முகமற்ற ஒருவர் நுழைவதைக் கடினமாக்குகின்றன.

அப்படியானால் தன்னார்வலருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். டெபியன் வரலாற்றில் அதுவும் ஒரு முறை முயன்று பார்க்கப்பட்டது. 2006இல், 4ஆம் பதிப்பைக் குறித்த காலத்தில் வெளியிடுவதற்காக, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்குப் பணம் தர டங்க்-டேங்க் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரே வேலையைச் செய்யும் பலரில் சிலருக்கு மட்டும் கூலி என்றதும் மற்றவர்களில் சிலர் தம் வேலையைக் குறைத்துக்கொண்டனர். டிசம்பருக்குத் திட்டமிட்ட பதிப்பு 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வந்தது. தாமதத்துக்கு அது ஒன்றே காரணம் அல்ல. ஆயினும் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பது தொகையைப் போலவே முக்கியம் என்று அத்திட்டம் கற்றுக்கொண்டது. 2014இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்பு ஏற்பாடு அந்தப் பாடத்தின் பயன்: பழைய பதிப்புகளுக்குக் கூடுதல் ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தரும், யாரும் விரும்பிச் செய்யாத சலிப்பான வேலைக்கு, ஃப்ரெக்சியன் என்ற வெளி நிறுவனம் பயனர் நிறுவனங்களிடம் பணம் திரட்டிப் பொறியாளர்களுக்கு ஊதியம் தருகிறது. ஜெர்மனி அரசு 2022இல் தொடங்கிய நிதியம் இன்னும் ஒரு படி மேலே போய், பொதுப் பயன்பாட்டிலுள்ள அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்புக்கு வரிப்பணத்தை ஒதுக்குகிறது.

கேரளம் இவ்வழியில் தொடக்கத்தில் முன்னே நின்ற மாநிலம். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில். அடுத்த ஆண்டு தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் எழுத்துருக்கள் இன்று டெபியனின் பொதிகளாக உலகெங்கும் கிடைக்கின்றன. தமிழிலும் தன்னார்வலர்களுக்குப் பஞ்சமில்லை: டெபியனின் நிறுவல் திரைகள் தமிழில் உள்ளன, 2023 ஜனவரி இறுதியில் விழுப்புரத்தில் சிறிய அளவிலான டெபியன் மாநாடு ஒன்று இரண்டு நாள் நடைபெற்றது. ஆனால் இவ்வுழைப்பு பெரும்பாலும் மொழி, எழுத்துரு, பயிற்சி ஆகிய மேலடுக்குகளில் நிற்கிறது. கெர்னல், கோப்பு முறைமை என்ற கீழடுக்கில் பங்களிக்கும் இந்தியர்கள் பலர் இருந்தாலும் அவர்களை அங்கே நிறுத்தியிருப்பது பன்னாட்டு நிறுவனங்களின் சம்பளமே. நம் அரசுகள் தமக்கென ஒரு பெயரும் சின்னமும் கொண்ட இயங்குதளத்தை வெளியிடுவதில் காட்டும் ஆர்வத்தை, அதன் அடியிலுள்ள மூலத்திட்டத்தில் ஒரு பொதியைப் பொறுப்பேற்பதில் காட்டுவதில்லை. பெயர் மாற்றிய பதிப்பு ஒவ்வொன்றும் பராமரிக்க வேண்டிய சுமையைக் கூட்டுகிறது, பராமரிப்பாளரைக் கூட்டுவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய நிதியம் ஒன்றும் அல்ல. கைட், தமிழ்நாடு அரசின் எல்காட், சி-டாக் ஆகிய நிறுவனங்கள், தாங்கள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிறுவும் மென்பொருள்களில் அநாதையாகக் கிடப்பவற்றையும் ஒற்றை ஆளை நம்பி நிற்பவற்றையும் பட்டியலிட்டு, தம் பொறியாளர் சிலரின் பணிநேரத்தில் ஒரு பகுதியை அவற்றின் மூலத்திட்டங்களுக்கென எழுத்துப்பூர்வமாக ஒதுக்க வேண்டும். எழுதும் திருத்தங்களைத் தம் பதிப்போடு நிறுத்தாமல் டெபியனுக்கே அனுப்ப வேண்டும். அந்தப் பணியைப் பதவி உயர்வுக்கான தகுதியாகவும் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்குச் சட்டமோ புதிய துறையோ தேவையில்லை, இந்நிறுவனங்களை நடத்தும் அரசுத் துறைகளின் செயலாளர்கள் பிறப்பிக்கும் தலா ஓர் ஆணை போதும்; வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் அந்த ஆணைகள் வெளிவர வேண்டும்.